அறுபத்திரண்டில் நின்ற கரி

வாப்பா,

இஸ்திரிப்பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்த மாதிரி ஒரு வாடை. தமிழ்நாட்டு எல்லையில் நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டி நாம் நிற்கும் அதே டீக்கடை வாசலில், இன்று சாயங்காலம். பெஞ்சில் வடை தின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, அத்தர் மாதிரி அதை இழுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மவுத்தாகி எட்டு மாதம் கழித்து நம் டீசல் கார் இன்றுதான் தன் கரியை எரித்தது.

ஷார்ஜாவை முடித்துக்கொண்டு வந்து நீங்கள் வாங்கிய வண்டி. தருமபுரம் வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வீடு என்றே ஓடியதில், புகைக்குழாய் வடிகட்டியில் கரி அடைத்து மஞ்சள் விளக்கு எரிந்தது. "இருவது நிமிஷம் நிக்காம ஓட்டுனாத்தான் சூடேறி அதுவா எரியும் பாய். நடுவுல மட்டும் இஞ்சின அணைச்சிராதீங்க" என்றார் மெக்கானிக். காரைக்காலில் இருபது நிமிடம் நேராக ஓட்டினால் ஊரே முடிந்துவிடும்! விலை குறைவென்று தமிழ்நாட்டுக்காரர்கள் டீசல் போட நம் ஊருக்கு வருகிறார்கள். நாமோ அந்த டீசலின் கரியை எரிக்க வெள்ளிக்கிழமைகளில் தமிழ்நாட்டுக்குப் போனோம்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவு கருவியைச் சொருகினால் என் போனில் கரியின் அளவு தெரியும். நூறில் எரியத் தொடங்கும், ஐந்துக்கு வந்தால் வேலை முடிந்தது. அந்த எண்ணைப் பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். நீங்கள் வைத்த பட்டப்பெயர், கரி கலெக்டர்.

வந்த முதல் மாதம் வீட்டில் நீங்கள் என்னிடம் பேசியதெல்லாம் "எத்தனாவது படிக்கிற?" மட்டும்தான். பன்னிரண்டு வருடம் போனில் கேட்ட அதே கேள்வி. காரில்தான் உங்களுக்கு வாய் திறந்தது. முகம் பார்க்க வேண்டியதில்லை, ரோட்டைப் பார்த்தால் போதும். "பாலைவனத்துல தண்ணி லாரி ஓட்டும்போது பக்கத்து சீட்டு காலியாவே கெடக்கும் புள்ள. நீ இருக்குறதா நெனச்சுப் பேசிக்கிட்டே போவேன்." அதைச் சொன்னபோது உங்கள் கை தேவையில்லாமல் கியரைத் தடவியது.

டீ ஜன்னல் வழியாகத்தான் வரும். "வண்டிய அணைச்சா என்ன பாய்?" என்பார் கடைக்காரர். "அடுப்புல சோறு இருக்குப்பா" என்பீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கடையில் நிற்கும்போதே ஐந்துக்கு வந்துவிட்டது. சொன்னால் திரும்பிவிடுவீர்கள். முன்பொரு நாள் கரி அறுபத்திரண்டில் இருந்தபோது போன் திரையைப் பிடித்துவைத்த படத்தை நீட்டினேன். "இன்னும் அறுவத்திரெண்டு வாப்பா."

"அப்புடியா? பொல்லாத கரியா இருக்கே!"

திரும்பாமல் இன்னும் தள்ளித் தரங்கம்பாடி வரை போனோம். அதன்பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் கரி அறுபத்திரண்டிலேயே நின்றது. வாப்பாவையே ஏமாற்றுகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

இன்று ஓட்டியது உம்மா. லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. நீங்கள் போனதிலிருந்து உங்களைப் பற்றி வாயே திறக்காத உம்மா, டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்கள்: "முடிஞ்சிருச்சு. திரும்பிருவோமா?"

நான் இன்னும் போனையே பார்க்கவில்லை. "ஒங்களுக்கு எப்புடிம்மா தெரியும்?"

"இஞ்சின் சுத்துற வேகத்தக் காட்டுற அந்த முள்ளப் பாரு. எரியும்போது நின்னா ஆயிரத்துல நிக்கும், முடிஞ்சா எறங்கிரும். ஒங்க வாப்பா காட்டித் தந்தாங்க. 'அவகிட்ட சொல்லிராத, பொய் சொல்றத நிறுத்திருவா'ன்னாங்க."

லாரியோடு பன்னிரண்டு வருடம் கிடந்தவருக்கு இஞ்சின் சத்தம் புரியாது என்று நான் எப்படி நம்பினேன்? கள்ளி நான் என்றிருந்தேன். பெரிய கள்ளன் நீங்கள்.

போனில் ஐந்து என்றிருந்தது. அந்தப் பழைய படத்தை நான் அழிக்கவே இல்லை வாப்பா. தேடி எடுத்து உம்மாவிடம் நீட்டினேன். "அறுவத்திரெண்டு உம்மா."

உம்மா முள்ளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். கியரைப் போட்டு வண்டியைத் தரங்கம்பாடிப் பக்கம் விட்டார்கள்.

"கல்யாணமான புதுசுல ஒங்க வாப்பா..." என்று ஆரம்பித்தார்கள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.