கடிகாரத்தில் ஜெயித்த ஆட்டம்

டெல்லி மோதி பாக் அரசுக் குவார்ட்டர்ஸில், அகல்யா குளித்துவிட்டு வருவதற்குள் கதிரவன் அவசரமாகச் சீட்டெழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது.

"அகல்யா, உப்புமா ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் போடும் பையா பதினொரு மணிக்கு வருவார்.

நேற்று நாம் ஆடிய ஆன்லைன் செஸ்ஸில் ஜெயிக்க வேண்டியவள் நீதான். ஆளுக்கு மூன்று நிமிட ஆட்டம். நான் கேட்ட காபிக்கு வைத்த பால் பொங்கியதும், உன் கடிகாரம் ஓட ஓட எழுந்து போனாய். திரும்பி வந்தபோது பத்து நொடிதான் மிச்சம். நீ காயை நகர்த்துமுன்பே என் ராஜாவுக்கு அடுத்தடுத்த நகர்வுகளை முன்கூட்டியே ப்ரீமூவ் போட்டு வைத்தேன். என் நேரம் குறையவில்லை, உன்னுடையது தீர்ந்துபோனது. 'இது நியாயமாங்க?' என்று கேட்டாய். 'ரூல்னா ரூல்தான்' என்று உன் தம்பி அன்பு முன்னால் சிரித்தேன். ரூலில் தப்பில்லை. அடுப்பை நான் போய் அணைத்திருக்கலாம். மன்னித்துவிடு."

பிறகு, அடியில் மிஞ்சிய இடத்தில் பொடி எழுத்தில் சேர்த்தார்:

"அன்புவுக்கு இப்போது போன் செய்து, ஜெயித்தது உன் அக்காதான் என்றேன். 'அக்கா அப்பவே கிச்சன்ல நின்னு அழுதுச்சு மாமா' என்றான். எனக்கு அது தெரியவே இல்லை. நான் அடுத்த ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன்."