பெருந்தேவியார் எண்ணெய்க்கோலைத் துடைத்த செய்தி

வளம் சேர்க. வாழ்வு நீள்க. பொழில்வாய் நாட்டின் ஆற்றங்கரையெல்லாம் நெல் விளைந்து, கருங்குன்ற நாட்டின் மலைச்சரிவெல்லாம் தேன் சொரிந்து, இரு நாட்டுக் குடிகளும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் காலம் என்றும் நிலைபெறுக.

சுனைகளுக்கு உரியவரும், கரடிக்கொடி உயர்த்தியவரும், பொழில்வாய் அரசகுலத்தின் அருமை மருமகனாருமாகிய இளவேட்டரையர் திருமுன்னர், பெருந்தேவியார் பூவிளங்கு நாச்சியாரின் ஆணை தாங்கி ஓலைநாயகம் நெடுமருதன் வரைந்த ஓலை. மன்னருக்குரிய பட்டங்கள் இன்னும் பல உண்டு. குதிரை சேணம் பூட்டி வாசலில் கால் மாற்றி நிற்பதால், அவற்றையெல்லாம் முறைப்படி சொல்லியதாகவே திருவுளம் கொள்க.

செய்திக்கு முன்னே ஆணை. இளவரசி அல்லியங்கோதையார் தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வரவிருக்கும் கார், சீர்வரிசையாக இங்கிருந்து வந்த அந்தக் குதிரை பூட்டாத தேர், கோட்டை வாசலைத் தாண்டலாகாது. இவ்வோலையை வாசிப்பவர் இவ்வரியோடு நிறுத்தி, ஆள் அனுப்பித் தேரைத் தடுத்துவிட்டு வந்து மீதியை வாசிக்க. தேர் ஏற்கெனவே புறப்பட்டிருப்பின், பாம்புவளைக் கணவாயில் இறங்குமுன் வீரர்கள் குறுக்கே நின்று மறிக்க. இளவரசியார் கோபிப்பார். கோபித்துக்கொள்ளட்டும்.

இனிக் காரணம். விரைந்து எழுதுவதால் எழுத்துக் கோணலைப் பொறுத்தருள்க.

மகள் நலமாகப் பெற்றெடுக்க வேண்டுமென்று ஈன்றாள் அம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட பெருந்தேவியார், நேற்று முற்பகலில் தம் காரில் எழுந்தருளினார்; அடியேனும் பரிவாரத்தோடு உடன் சென்றேன். இளவரசியாருக்கு அளித்த தேரும் இதுவும் ஒரே கப்பலில் வந்த இரட்டை என்பதை மன்னர் அறிவார். வழக்கம்போல் எண்ணெய்நோக்கு அதிகாரி வேழமுடியார் பட்டுத் தலைப்பாகையோடு வந்து, முரசு அதிர என்ஜினிலிருந்து எண்ணெய் அளவுகோலை உருவி, தலைக்கு மேல் உயர்த்திக் காட்டி, மேல்கோடு வரை நிறைவு என்று அறிவித்தார். அவர் அறிவித்து நிறைவாக இல்லாத நாளே கிடையாது. தேர் வந்த நாள் முதல் ஒரு கரண்டி எண்ணெய்கூட ஊற்றவேண்டி வந்ததில்லை என்பதில் இந்நாட்டார் அனைவருக்கும் பெருமை. பெருந்தேவியாரின் கணவராகிய எம் மாமன்னரின் செங்கோல் நலத்தால் குறையாத எண்ணெய் என்று அவைப்புலவர் பாடிப் பரிசிலும் பெற்றுக்கொண்டு போனார்.

நெல்வயல்களைக் கடந்து போகையில், சாரதியின் முன்னிருந்த பலகையில் எண்ணெய்ச் செம்பு வடிவில் ஒரு சிவந்த சிறு விளக்குத் தன்னைத் தானே ஏற்றிக்கொண்டது. என்ஜின் ஓசை மாறியிருப்பதாகச் சாரதி தயங்கித் தயங்கி விண்ணப்பித்தார். வேழமுடியார் அவரை வாயடைத்து, பேற்றுக்காக வேண்டப் போகும் வழியில் கையால் தொடாமல் விளக்கு எரிவதைவிட நல்ல நிமித்தம் வேறென்ன வேண்டும் என்று கேட்டார். உடன் வந்த மகளிர் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். பெருந்தேவியார் கண் கலங்கி அவ்விளக்குக்குக் குங்குமம் இட்டார். அபாயம் என்று தேர் கதறிக்கொண்டிருக்க, நாம் அதற்குப் பூச்சூட்டிக்கொண்டிருந்தோம் என்பதை இப்போது எழுதவே கூசுகிறது.

சற்றைக்கெல்லாம் உரலில் இரும்பைப் போட்டு இடித்தாற்போல் ஓர் ஓசை. தேர் நின்றது. சாரதி சாவியைத் திருகிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். உள்ளே எதுவும் அசையவில்லை.

என்ஜின் ஆறும்வரை மர நிழலில் அமர்ந்திருந்தபின், எண்ணெயைத் தாமே பார்க்க வேண்டும் என்று பெருந்தேவியார் கோலைக் கேட்டு வாங்கினார். மேல்கோடு வரை பளபளவென்று எண்ணெய். வேழமுடியார் நிறைவு என்று சொல்லி நெஞ்சு நிமிர்த்தினார். அப்பொழுது ஒரு துளி வழிந்து தேவியாரின் விரலில் விழ, எண்ணம் வேறெங்கோ இருந்த அவர், அடுக்களையில் கை துடைக்கும் பழக்கத்தில், விரலையும் கோலையும் சேர்த்துப் பட்டு முந்தானையால் துடைத்துவிட்டார்.

மன்னர் நம் குலமரபை அறிவார். முடிசூட்டு நாளில் அரசன் தலையில் வைக்கும் எண்ணெயை அவன் மூச்சு அடங்கிய பின்னரே துடைப்பது வழக்கம். அதனால் அரசனுக்குரிய பொருள் எதிலிருந்தும் எண்ணெயைத் துடைப்பது அவனுக்குச் சாவைக் கூறுவதாகும் என்று கொண்டு, இந்த அளவுகோலையும் வந்த நாள் தொட்டு ஒருவரும் துடைத்ததில்லை. ஆகவே நடந்ததைக் கண்டதும் வேழமுடியார் மண்ணில் விழுந்தார். மகளிரில் ஒருத்தி பூவைப் பிய்த்தெறிந்து ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். மாமன்னர் உயிரோடிருக்கிறாரா என்று பார்த்து வர ஒரு வீரன் அரண்மனைக்கு ஓடினான்.

பதறிப்போன தேவியார், துடைத்த எண்ணெயை மறுபடி கோலில் ஏற்றிவிட்டால் குற்றம் நீங்கும் என்று எண்ணி, அதைக் குழாயில் அடிவரை செருகி உருவினார். கோல் உலர்ந்து வந்தது. சரியாகச் செருகவில்லை போலும் என்று மீண்டும் அழுத்திச் செருகி உருவினார். முனையில் ஒரு கறுப்புப் பூச்சு. அவ்வளவே. மேல்கோட்டிலும் இல்லை, கீழ்க்கோட்டிலும் இல்லை. என்ஜின் சுழல்கையில் சிதறி மேலே ஒட்டிய ஈரத்தையே நாம் இத்தனை காலமும் நிறைவு என்று முரசறைந்து கொண்டிருந்தோம். உள்ளே எண்ணெய் எரிந்தும் கசிந்தும் தீர்ந்தேபோயிருந்தது.

தேவியார் கோலைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். தேர் போனதற்காக நிற்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். பிறகு அவர் மகளின் பெயரைச் சொன்னார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. அங்குள்ள தேரும் இதே தேர். அங்கே கோலை உருவிக் காட்டுபவர் வேழமுடியாரின் தம்பி. துடைக்கலாகாது என்னும் விதியும் சீர்வரிசையோடு செப்பேட்டில் பொறித்து இங்கிருந்தே வந்தது. நிறைமாதப் பெண் ஏறி அமர்ந்து கணவாயின் வளைவொன்றில் இறங்குகையில் அந்த என்ஜின் எண்ணெயின்றி இறுகி நின்றுவிடுமாயின், ஒருபுறம் பாறை, மறுபுறம் பாதாளம். இதற்கு மேல் எழுதவேண்டாம் என்று தேவியார் கையமர்த்தினார்.

அரண்மனைக்கு ஓடியவன் திரும்பி வந்து, மாமன்னர் பலாச்சுளை உண்டுகொண்டிருக்கிறார் என்றும், தாம் இறந்துவிட்டதாகச் சொன்னது யார் என்று சினந்து கேட்கிறார் என்றும் தெரிவித்தான். ஆகவே துடைத்தால் அரசர் சாவார் என்பது பொய். துடையாவிட்டால் யார் சாவார் என்பதை அங்குள்ள புரோகிதர்கள் தாமே எண்ணிப் பார்க்கட்டும். அவர்கள் தடுத்தால், தேவியாரின் அழுக்கேறிய முந்தானைத் துண்டை இத்துடன் கட்டி அனுப்பியிருக்கிறோம், அவர்கள் முன் விரித்துக் காட்டுக.

இனிச் செய்யத்தக்கது. தேரை மேடுபள்ளமற்ற இடத்தில் நிறுத்துக. கருங்குன்றத்தில் சமதரை கிடைப்பது அரிது என்று அறிவோம். அரசவைக் கூத்தரங்கின் கல்தளம் ஒன்றே நேரானது என்று இளவரசியார் முன்பு எழுதியிருந்தார், கூத்தரை எழுப்பிவிட்டு அங்கே நிறுத்துக. சரிவில் நின்ற தேரின் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிப் பொய் சொல்லும். என்ஜினை அணைத்து, மேலே ஏறிய எண்ணெயெல்லாம் அடிக்கு இறங்கும்வரை பொறுத்து, பின் கோலை உருவி, நூல் பிரியாத தூய துணியால் நன்றாகத் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி உருவிப் பார்க்க. முதல் முறை காண்பது கணக்கன்று, துடைத்தபின் காண்பதே கணக்கு. ஈரம் இரு கோடுகளுக்கும் இடையே நின்றால் நலம். கீழே நின்றால் அத்தேருக்குரிய எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஊற்றுந்தோறும் பொறுத்துப் பார்க்க. பயத்தில் மேல்கோட்டுக்கு மேலே ஊற்றிவிடாதீர், மிகுதியும் என்ஜினைக் கெடுக்கும். இதனை வேழமுடியாரின் தம்பியிடம் விடாமல் மன்னர் தம் கையாலேயே துடைத்துப் பார்த்தருள்க. அரசனுக்கு ஆகாது என்ற செயலை அரசனே செய்துவிட்டால் பின்னர் எவனும் அஞ்சமாட்டான்.

அளவு சரியாகவே இருந்தாலும் இளவரசியார் அத்தேரில் ஏறவேண்டா. எண்ணெயின்றி அது எவ்வளவு தூரம் ஓடிற்றோ, உள்ளே எது தேய்ந்திருக்கிறதோ, யாரும் அறியோம்.

தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறவாவிட்டால் ஊர் என்ன பேசும் என்று இங்குள்ள மூத்த மகளிர் விண்ணப்பித்தனர். ஊர் நேற்றுவரை எண்ணெய் நிறைந்திருக்கிறது என்றுதான் பேசிற்று என்று பெருந்தேவியார் விடை கூறினார்.

ஆகவே இவ்வோலையின் முடிந்த ஆணை இது. மகள் மலை இறங்கவேண்டா. தாய் மலை ஏறுகிறாள். பெருந்தேவியார் இவ்வோலை முடியுமுன்னரே, பல்லக்குக்கும் பரிவாரத்துக்கும் காத்திராமல், சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாட்டுவண்டியை நிறுத்தி அதில் ஏறிப் புறப்பட்டுவிட்டார். முத்திரை மோதிரம் அவர் விரலிலேயே போய்விட்டதால், மாமன்னர் தம் முத்திரையை இட்டருளினார். இடுகையில் அவர், பேரப்பிள்ளையைக் காண அடுத்த வண்டியில் தாமும் வருவதாகச் சொல்லச் சொன்னார்.

கணவாய்க் காவலருக்குத் தனி ஆணை: கீழிருந்து வரும் மாட்டுவண்டிக்கு வழி விடுக, மேலிருந்து வரும் தேருக்கு விடாதீர்.

இது பெருந்தேவியார் திருவாக்கு. இது பொழில்வாய் முத்திரை. தேர் நிற்க.