வெற்றுப் பக்கங்களில் என் கையொப்பம்

செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பது மணி.

நேற்றிரவு மூன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தியவாறே உறங்கிவிட்டேன். காலையில் முப்பத்திரண்டு நோட்டுகளும் திருத்தப்பட்டு அடுக்கப்பட்டிருந்தன. எப்போது முடித்தேன் என்பது நினைவில் இல்லை. ஆயினும் கடமை நிறைவேறிய பெருமிதத்தோடு பள்ளிக்கு எடுத்துச் சென்றேன்.

முதல் பாடவேளையில் நிவேதா தன் நோட்டை நீட்டினாள். "டீச்சர், இந்தப் பக்கத்துல நான் எழுதவே இல்லீங்களே?"

வெற்றுப் பக்கத்தில் சிவப்பு மையால் சரிக்குறியும், 'நன்று' என்னும் சொல்லும், என் கையொப்பமும் இருந்தன. கடைசித் தாள் வரை அவ்வாறே. மற்ற நோட்டுகளிலும் அவ்வாறே. கையெழுத்து என்னுடையதுதான், ஒரு சுழிகூடப் பிசகவில்லை.

நான்காம் வகுப்பு ஆசிரியை பர்வீனிடம் காட்டினேன். "ஏனுங்க அம்மணி, தூக்கத்துலயும் வேலை பாக்கறீங்களா?" என்று சிரித்தார். பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவர் குரல் தாழ்ந்தது. "நீங்க ஒழுங்காத் தூங்கி எத்தனை மாசமாச்சுங்க? இனி ஒரு நோட்டும் ஊட்டுக்குப் போகக் கூடாது."

அவர் நோட்டுகளையும் என் சிவப்புப் பேனாவையும் பீரோவில் பூட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

எவர் துணையுமின்றி நானே படித்து இப்பணிக்கு வந்தவள் நான். வீடு திரும்ப வெறுங்கையோடு பொள்ளாச்சிப் பேருந்தில் ஏறியது இன்றே முதன்முறை. இனி மாலைக்குப் பின் பணியில்லை என்று எனக்கு நானே ஆணையிட்டுக்கொண்டேன்.

இந்த நாட்குறிப்பில் இன்றைய பக்கம் இத்துடன் நிறைகிறது. அடுத்த பக்கத்திலிருந்து தாளினூடே ஏதோ சிவப்பாகத் தெரிகிறது. நான் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. விளக்கை அணைக்கிறேன்.