ஓட்டைக் கேனும் இரண்டு மெஷினும்

ஆவணி 11, செவ்வாய்

வீட்டோடு வைக்கப்போகும் பட்டறைக்கு எந்த டிக் வெல்டிங் மெஷினை வாங்குவது? இரண்டு வாரமாக இதைப் பற்றியே படிக்கிறேன். 

சின்னது எவர்சில்வரைப் பற்றவைக்கும். பெரியது அலுமினியத்தையும் பற்றவைக்கும். செஞ்சியைச் சுற்றி எல்லா ஊரிலும் மாடு இருக்கிறது. ஓட்டை விழுந்த அலுமினியப் பால் கேன்கள்தான் அதிகம் வரும் என்று நினைக்கிறேன். தம்பி பழனி சின்னதே போதும் என்கிறான். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுகிறான்.

"பதினஞ்சு வருசம் கம்பெனில வெல்டிங் அடிச்சவன் நானா, நீயாக்கா?"

வேலை போய் ஊர் திரும்பியவன். இதுவும் சரிப்படாவிட்டால் மறுபடி கிளம்பிவிடுவான். கடைக்காரரோ இரண்டு மெஷினையும் ஒரே மாதிரி புகழ்கிறார். நாளை தொண்டூர்க்காரர் ஒருவரின் ஓட்டைக் கேனைக் கடைக்கே கொண்டுபோய்ப் பற்றவைத்துக் காட்டச் சொல்லப்போகிறேன். நான் நம்பாதது கடைக்காரரையா, பழனியையா?

புதன்

கடைக்காரர் பெரிய மெஷினைப் போட்டு, வெல்டிங் டார்ச்சைப் பழனியிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"அலுமினியம் எனக்கு வராதுக்கா. கம்பெனில எவர்சில்வர் பைப்பு மட்டுந்தான்" என்றான், கேனைப் பார்த்தபடி.

மெஷினைப் பற்றி அவ்வளவு படித்த நான் அலுமினியம் வருமா என்று அவனிடம் கேட்கவே இல்லை.

பழகிக்கொள்ளட்டும் என்று பெரியதையே எடுத்தேன். சரிதானா, தெரியவில்லை. மாலைக்குள் என் பழைய அலுமினியக் குண்டானில் நான்கு புது ஓட்டைகள். வெல்டிங் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுப் பழனி கேட்டான்: "இன்னொரு குண்டான் இருக்குதாக்கா?"