வேலிக்கு வெளியே நின்றவர்

என்னங்க,

இன்று காலை மகள் வேலைக்குப் புறப்பட்டபோது அவள் வெள்ளை உடுப்பிலிருந்து கார்பாலிக் மருந்து வாடை வந்தது. உங்கள் வாடை. வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் தொண்டை அடைப்பான் நோய் கண்ட குழந்தைகளைத் தனி வார்டில் போட்டிருக்கிறார்களாம். கூட வேலை பார்த்த பெண்கள் இருவர் பயந்துபோய் வரவில்லை. நீயும் லீவு கேள் என்று கெஞ்சினேன்.

"நர்ஸுன்னு வேலைக்குச் சேர்ந்துட்டு, ஒட்டிக்கிற நோவுன்னா பார்க்கமாட்டேன்னு சொல்ல முடியுமாம்மா? சட்டமும் விடாது, எனக்கும் மனசு வராது" என்றாள்.

யார் பெற்ற பிள்ளை! எனக்கு வந்த கோபமெல்லாம் உங்கள் மேல்தான்.

மேரு ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நீங்கள் மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்தபோது, தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வாந்திபேதி பரவியது. நோயாளிகளைக் காட்டோரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே போக வேண்டாம், வேலையை விட்டுத் தொலையுங்கள் என்று சண்டை போட்டேன். "வேலை போனா எனக்கு வேற வேலை கிடைக்கும். அவங்களுக்கு வேற டிரெசர் கிடைப்பானா?" என்றீர்கள். சொல்லிவிட்டுக் கொட்டகைக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

சாயங்காலமானால் வேலிக்கு வெளியே நின்று வெந்நீர் கேட்டுக் குரல் கொடுப்பீர்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தில் வெந்நீர் கொதிக்கும். உடுப்பை அதில் போட்டுக் குளித்த பிறகுதான் உள்ளே வருவீர்கள். அதுவரை மகள் கதவுக்குப் பின்னால் நின்று "அப்பா, ஆச்சா?" என்று நச்சரிப்பாள்.

கடைசியாக வந்த அன்றைக்கு வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கண்கள் குழி விழுந்திருந்தன. "இன்னிக்கு வெந்நீர் வேணாம். எனக்கும் வந்துடுச்சு. புள்ளையை வெளிய விடாத" என்றீர்கள். ஓடி வந்தேன். "கிட்ட வராத!" என்று போட்ட சத்தத்தில் நின்றுவிட்டேன். வந்த வழியே கொட்டகைக்குத் திரும்பிப் போனீர்கள்; அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். எல்லார் வாயிலும் தண்ணீர் ஊற்றினீர்களே, உங்களுக்கு ஊற்ற யாராவது இருந்தார்களா? கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், யாரும் சொல்லவில்லை.

காலையில் மகள் என் கையை மெல்ல விலக்கினாள். "சாயங்காலம் பின்பக்கமா வரேன். குளிக்கிற வரைக்கும் என்னைத் தொடாதம்மா" என்றாள்.

டவுனில், இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் வேலி கிடையாது. கொல்லையில் தகரத்தை அடுப்பேற்றியிருக்கிறேன். பொழுது சாய்ந்துவிட்டது, அவளை இன்னும் காணோம். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டிருக்கிறேன். என்னங்க, இவளாவது வெந்நீர் வேணும் என்று கேட்டுக்கொண்டு வரட்டும்.