எருமையின் முதுகில் முள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறதா? அங்கே குளிர் குறைந்ததா? நீ போனை எடுப்பதில்லை, செய்தி அனுப்பினாலும் பதில் இல்லை. கடிதம் என்றால் கடைசிவரை படிப்பாய் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் அத்தானுக்கு முழங்கால் வலி. ஆனாலும் மாடிப்படியோடு சண்டை போடுவதை நிறுத்தவில்லை. நான் இப்போது பகலெல்லாம் வீட்டில்தான். ஏன் என்று சொல்கிறேன்.

நீ செதுக்கிய எருமையைப் பற்றித்தான். நீ வைத்த பெயர் ‘ஓய்வு’. ஆனால் நூலகத்துக்கு முன்னால் அந்தக் கருங்கல் எருமை வந்து படுத்த நாள் முதல் இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. ‘எருமைகிட்ட வந்துடு’ என்றால் போதும். தேர்வு முடிவு வந்தால் அழுவதும் அங்கே, குதிப்பதும் அங்கே. மழை விட்டால் கொம்புகளில் ஈரக் குடைகள் தொங்கும். காதலைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவன் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். என் புள்ளியியல் வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளைகள் அதன் வயிற்றில் சாய்ந்துகொண்டு என்னிடம் ஆயிரம் சந்தேகம் கேட்டார்கள். நீ செய்ததிலேயே உருப்படியானது அதுதான் என்று எனக்கு எப்போதும் ஒரு கர்வம்.

போன மாதம் பெண்கள் விடுதியில் தண்ணீர் நாறத் தொடங்கியது. வார்டனிடம் போய்ச் சொன்னார்கள். ‘பைப்பு பழசு, அப்படித்தான் வரும்’ என்றாள். கடைசியில் பிள்ளைகளே மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டியைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே ஒரு செத்த புறா. இறகு தனியாக, சதை தனியாக ஊறிப்போய்க் கிடந்தது. அந்தத் தண்ணீரில்தான் பல் விளக்கினார்கள், அதைத்தான் குடித்தார்கள்.

பல பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. என் மாணவி ஒருத்திக்குச் சிறுநீரகமே பாதித்துவிட்டது. சிரித்தால் கட்டடம் அதிரும் என்பதால் அவளை எல்லோரும் ‘வெண்கலக்கடை’ என்பார்கள். அவளைத் தீவிர சிகிச்சையில் சேர்த்த அன்று சாயங்காலம் பிள்ளைகள் எருமையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கோஷம் கிடையாது, கல்லெறி கிடையாது. தொட்டியைக் கழுவுங்கள், பொறுப்பானவர் யார் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் கேட்டார்கள். துணைவேந்தர் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டார். மறுநாளும் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த நாளும்.

தொட்டியைக் கழுவ ஆள் வரவில்லை, தம்பி. எருமைக்குத்தான் ஆள் வந்தது. துளையிடும் இயந்திரத்தோடு வந்து, அதன் முதுகு, கழுத்து, வயிற்றுச் சரிவு எல்லாவற்றிலும் ஓட்டை போட்டுக் கட்டைவிரல் உயரத்துக்கு எவர்சில்வர் முள் அடித்தார்கள். பக்கத்தில் பலகை: ‘கலைப்பொருள். அமரவோ சாயவோ கூடாது.’ ஆசிரியர் கூட்டத்தில் துணைவேந்தர், ‘பசங்க கலையை மதிக்கக் கத்துக்கணும்’ என்றார். கட்டடக்கலைத் துறைத் தலைவர் எழுந்து, காலை வெயிலில் அந்த முட்கள் பனித்துளி மாதிரி மின்னுவதாகச் சொன்னார். கைதட்டல். என் பக்கத்து நாற்காலிக்காரியும் தட்டினாள். அவள் அக்கா மகளும் அந்த விடுதியில்தான் இருக்கிறாள். சீ, என்ன ஜென்மங்கள்! அவர்களோடு சேர்ந்து தேநீர் குடிக்கக்கூட எனக்கு வாய் கூசியது.

வெண்கலக்கடை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவள் அப்பா, தையல்காரர், அவளுடைய சான்றிதழ்களை வாங்கிப்போக வந்தார். இனி இங்கே படிக்க அனுப்பமாட்டாராம். அலுவலகத்தில், சாப்பாட்டு நேரம், அப்புறம் வா என்று சொல்லியிருக்கிறார்கள். மகளுடைய தகரப்பெட்டி, வாளி, சுருட்டிய மெத்தை எல்லாவற்றோடும் வெயிலில் நின்றவர், கால் வலித்ததோ என்னவோ, எருமையின் மேல் கையை ஊன்றினார். முள் குத்திவிட்டது. காவலாளி விசில் ஊதினான். அவர் சட்டென்று கையை எடுத்து, ‘மன்னிச்சுக்குங்க சார், தெரியாம தொட்டுட்டேன்’ என்றார்.

அவர் மன்னிப்புக் கேட்டார், தம்பி. அவர்!

நான் போய் யார் என்று விசாரித்தேன். மகள் இப்போது சிரிக்கிறாளா என்று கேட்டேன். ‘பேசுறா மேடம்’ என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவர் கையிலிருந்த மெத்தையை வாங்கி, பிரித்து, எருமை முதுகில் விரித்து, நானும் ஏறி உட்கார்ந்து அவரையும் உட்காரச் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தார். நூலகத்திலிருந்து இதைப் பார்த்த மாணவிகள் விடுதிக்கு ஓடி ஆளுக்கொரு மெத்தை தூக்கி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு முள்கூடத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் எனக்கு இடைநீக்க உத்தரவு வந்தது. அதற்காக நீ கவலைப்படாதே. தொட்டி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒன்று வைக்கப்போவதாக அறிவிப்பு மட்டும் ஒட்டியிருக்கிறார்கள்.

போன வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எதிரே மூன்று அதிகாரிகள். பல்கலைக்கழகச் சொத்தைச் சேதப்படுத்தியது யார், நானா நீங்களா என்று கேட்டேன். அப்போது கட்டடப் பிரிவு அதிகாரி சிரித்துக்கொண்டே, ‘முள் அடிக்க உங்க தம்பியே போன்ல சரின்னுட்டாரே மேடம், உங்களுக்கு என்ன வந்துச்சு?’ என்றார். புது நுழைவாயிலுக்கும் உன்னிடமே ஒரு சிலை சொல்லியிருக்கிறார்களாம். திறப்பு விழாவுக்கு நீ வருகிறாயாம். எருமை முன்னால் நீயும் துணைவேந்தரும் நிற்கிற மாதிரி படம் எடுப்பார்களாம்.

என் தம்பி அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டான் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து லேசாகச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து எத்தனை முறை முகம் கழுவியும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

வேலை போனாலும் கால் வயிற்றுக் கஞ்சியைக் குடித்துவிட்டு இருப்போம் என்று அத்தான் சொல்லிவிட்டார். எனக்காக நீ யாரிடமும் பேச வேண்டாம். நீ என்ன சொன்னாய், ஏன் சொன்னாய் என்று நான் கேட்கவும் மாட்டேன். அவர்களுக்கு ஒரு வரி மட்டும் எழுதிப் போடு. ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று. நான் மூன்று பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், தம்பி. அக்கா பேச்சைப் பொய்யாக்கிவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. உளி பிடிக்கும் உன் கை என்றும் விளங்கட்டும்.

அன்புடன்,
அக்கா