ரிவர்ஸ்டன் குளிரைக் கேட்காத கணிப்பு

என் உயிரான நானா,

நீங்கள் மௌத்தான பிறகு வீட்டில் சிமெந்து என்ற பேச்சே வேண்டாமென்றார் உம்மா. உங்கள் தங்கச்சி நான் அதே சிமெந்தை நசுக்கிப் பார்க்கிற வேலைக்குத்தான் போனேன், மாத்தளை டவுனில் ஓர் ஆய்வுகூடத்துக்கு. வேலையில் நின்ற உங்கள் தலைமேல் ஸ்லாப் இறங்கியதே, அதைத் தாங்கிய முட்டுகளைக் கழற்றச் சொன்னவன் எதைப் பார்த்துச் சொன்னான்? இன்னும் தெரியாது. கோபம் மட்டும் ஆறவில்லை.

இப்போது கணிக்கக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது நானா. கலவையின் அளவையும், முதல் வாரத்தில் மாதிரிக் கட்டி எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்பதையும் கொடுத்தால், கொங்கிரீட் இனி எவ்வளவு இறுகும் என்று சொல்லிவிடும். பொய் சொல்லாது. கொடுத்ததை வைத்துச் சொல்லும், அவ்வளவுதான்.

ரிவர்ஸ்டன் மலையில் ஒரு ஹோட்டலுக்கு ஸ்லாப் போட்டார்கள். மாதிரிக் கட்டிகளை மறுநாளே கீழே கொண்டுவந்து எங்கள் வெதுவெதுப்பான தொட்டியில் ஊறப்போட்டார்கள். அதுதான் வழக்கம். கட்டி டவுன் சூட்டில் இறுகுகிறது, ஸ்லாப் மேலே பனியில் விறைத்துக் கிடக்கிறது. குளிரில் கொங்கிரீட் மெதுவாகத்தான் பிடிக்கும். அப்படியென்றால் கம்ப்யூட்டர் எதன் பலத்தைச் சொல்கிறது?

சில கட்டிகளை ஸ்லாப்புக்குப் பக்கத்திலேயே ஈரச்சாக்குப் போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். இன்று அவற்றை மெஷினில் வைத்தேன். கணித்த பாரத்துக்கு வெகு முன்பே நொறுங்கிவிட்டன.

கொந்தராத்துக்காரர் துள்ளினார். "மிஸ், டவுன் கட்டி பாஸாகிருச்சுதானே? அத மட்டும் எழுதுங்க. சீசன் வருது, நாளைக்கு முட்டு கழட்டணும்."

"ஆள் நடக்கப்போறது கட்டி மேலயா, ஸ்லாப் மேலயா சேர்? நான் எழுத மாட்டேன்."

"நீங்க இல்லாட்டி வேற ஆள் எழுதுவான்."

"எழுதட்டும். மேல இருந்து வந்த கட்டி உடைஞ்சதையும் நான் எழுதிட்டேன்."

மாலையில், அங்கே முட்டு வேலை பார்க்கும் செல்வம் போன் எடுத்தார். "மிஸ், நாளைக்குக் காலையிலயே முட்டுகளத் தட்டிக் கழட்டச் சொல்லிட்டாங்க. மாட்டேன்னா வேலைக்கே வர வேணாமாம். என்ன செய்யுறது?"

கீழே நின்று தட்டப்போகிறவர் அவர்தான். உங்களிடமும் அன்று இப்படித்தான் சொன்னார்களா? போன் எடுத்துக் கேட்க உங்களுக்கு யாருமே இருக்கவில்லையா?

"நான் வர்ற வரைக்கும் கை வைக்காதீங்க" என்றேன்.

நாளை உங்களுக்காக துஆ கேட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். கொந்தராத்துக்காரரும் வருவார். என் வேலை போனால் போகட்டும். ஸ்லாப் இறுகும்வரை செல்வத்தை அதன் கீழே போக விடமாட்டேன், இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. தட்டியே ஆகவேண்டும் என்று அந்த மனிதர் நின்றால், சுத்தியலை அவர் கையில் கொடுப்பேன். "நீங்களே தட்டுங்க சேர்" என்பேன்.

உங்கள் அடங்காத தங்கச்சி,
ரிஸ்னா